கடுகளவு மிச்சம்

1
இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவமனையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிப் பெண் வாயில் பஞ்சோடு தன் வேலையைச் சொன்னாள். பாதிதான் புரிந்தது. மீதி என் சரக்கு.

2
ஃபார்மலின் வாடை அவள் விரல்களில்... (வேண்டாம். ஆய்வகக் கதை என்றாலே வாடையில் தொடங்கித் தொலைக்கிறார்கள்.)

மூடப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையிலிருந்து மூளைத் துண்டுகள் ஜாடிகளில் வந்தன. பெயர் கிடையாது, எண்தான். அவற்றிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பிரிப்பது அவள் வேலை. [அது தாய்வழியாக மட்டும் வருவது. அப்பாமார்கள் கோபிக்க வேண்டாம்.]

பதினேழாம் ஜாடியின் முடிவு அவளுடைய டி.என்.ஏ.வோடு அச்சாகப் பொருந்தியது. (மாதிரியில் யார் எச்சில் தெறித்துக் கலந்தது என்று பிடிக்க, ஊழியர்களுடையதையும் எடுத்து வைத்திருப்பார்கள்.)

தலைமை விஞ்ஞானி சிரித்தார். "மாஸ்க்கைத் தாடையில மாட்டிக்கிட்டு வேலை செஞ்சியாம்மா? தூக்கிப் போடு."

"கூடவே மாதிரி போடாத வெறும் குழாய் ஒண்ணும் ஓட்டினேன் சார். என் எச்சில் பட்டிருந்தா அதுலயும் வந்திருக்கணும். அதுல ஒண்ணுமே வரலியே."

"அப்ப என்ன, உன் சொந்தக்காரரா?"

ஜோக்காகத்தான் கேட்டார்.

3
அவளுக்கு ஒரு தாய்மாமன், அதே தாய்வழி. வெளிநாட்டில் இருப்பதாக வீட்டில் பேச்சு. (இவரை நேற்றுதான் கதைக்குள் விட்டேன். வந்ததும் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்.)

"அம்மா, மாமா எந்த நாட்டுல இருக்காரு?"

"இப்ப எதுக்குடி அவன் பேச்சு? நல்லா இருக்கான்."

"போன் போட்டுத் தாயேன்."

"அவன் பேசுற நிலைமையில இல்ல. அங்க நல்லாப் பாத்துக்குறாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

4
ஜாடியில் மிச்சம் கடுகளவு. வேறொருவர் கையால் ஒருமுறை சோதிக்கலாம். அதிலும் பொருந்தினால், மாமா கிடைத்த அன்றே மாமா தீர்ந்துபோவார்.

முடிவு ஒன்று: சோதிக்கிறாள், பொருந்துகிறது, அம்மா கதறி... (அடித்துவிட்டேன். இந்த அம்மா கதறுகிற ரகமில்லை.)

முடிவு இரண்டு: தூக்கிப் போடுகிறாள். சம்பள உயர்வு. (பல் மருத்துவருக்கு இதுதான் பிடித்தது.)

5
ஆய்வகத்தில் யாருமில்லை. அவள் ஜாடியைத் திறந்துவிட்டாள். மாஸ்க்கையும் கழற்றிவிட்டாள். 'மாமா' என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும், எச்சில் தெறிக்கும். அதற்குப்பின் எந்தச் சோதனையும் செல்லாது. கூப்பிடாமல் மூடிச் சோதனைக்குக் கொடுத்தால் உண்மை தெரியும். ஆனால், உயிரோடிருந்தபோது அவரை யாரும் வந்து கூப்பிடவில்லை.

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். எனக்குத் துணிவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம்தான் நிற்பாள்?