தூக்கின சாமானுக்குக் கீழே

போன வருசம் முன்பள்ளி அலுவலர் புஸ்பராணி வந்து பார்த்துவிட்டு, யசோதரா ரீச்சரின் படிவத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதினா: "பிள்ளைகள் பாடுகிறார்கள். ஒன்றும் செய்வதில்லை." முன்பள்ளியின் பதிவை ஒரு வருசம் இழுத்தடிக்க அந்த வரி போதுமாக இருந்தது. இந்த முறையும் கையெழுத்து விழாவிட்டால் தை மாதம் கதவைப் பூட்ட வேண்டியதுதான். மெயின் றோட்டுக்கு அங்கால் வேறொரு முன்பள்ளி இருக்கிறது. ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கோதுமை மா லொறிகள் பறக்கிற அந்த றோட்டைக் கடக்கப் பெரிய ஆட்களே சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைப்பார்கள். ஒழுங்கையில் இருக்கிற பதினெட்டுப் பிள்ளைகளும் வீட்டில் இருந்து நாய்க்குக் கல்லெறிய வேண்டியதுதான்.

யசோதரா பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னா: "உங்கட தொழில்ல பிள்ளைகள் கையால செய்து படிக்கக்கூடியது ஏதும் இருந்தா வந்து காட்டுங்கோ."

மீன் வெட்டுகிற தாய் ஒருத்தி கத்தியோடு வந்தா. கும்பிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதாய்ப் போச்சு. கடைசியில் வந்து சேர்ந்தது பேணாட். துறைமுக ஜெற்றியில் கிறேனுக்குக் கைகாட்டுகிற சிக்னல்காரன், நாலரை வயது மெலனியின் அப்பா. வந்தவன் கூரை முகட்டு வளையில் ஒரு கப்பியைக் கொழுவினான், அதில் கயிற்றை ஓட்டினான், நுனியில் ஒரு பனையோலைக் கடகத்தைக் கட்டினான். தரையில் சோக்கால் பெரிய சதுரம் கீறி, "இது கப்பல்" என்றான். மஞ்சள் ஐஸ்கிறீம் பெட்டிக்கு இலாஸ்ரிக் போட்டு மெலனியின் தலையில் கவிழ்த்தான்.

"பெருவிரல் மேல காட்டினா தூக்கு. கீழ காட்டினா இறக்கு. பொத்தின கை எண்டா அப்பிடியே நில்லு. தொப்பி போட்ட ஆள்தான் சிக்னல். வேற ஆர் சொன்னாலும், கடவுளே வந்து சொன்னாலும், கயிறு அசையப்படாது. கோட்டுக்குள்ள கிடக்கிறதெல்லாம் சாமான். தூக்கின சாமானுக்குக் கீழ ஒரு குஞ்சும் நிக்கப்படாது. நிண்டா இறக்கப்படாது. இறக்கின சாமானைக் கையெழுத்து வைச்சுத்தான் எடுக்கோணும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு!" பதினெட்டுத் தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

"அண்ணை, இதுக்குள்ள கடவுளை ஏன் இழுக்கிறீங்கள்?" என்று யசோதரா கேட்டா.

"எங்கட சுப்பவைசர் தன்னைக் கடவுள் எண்டுதான் நினைச்சுக்கொண்டு திரியிறார், ரீச்சர். அதுக்குத்தான்."

இரண்டு கிழமை மணல் பை ஏறி இறங்கியது. எத்தனை பை ஏறினது, எத்தனை மிச்சம் என்று பிள்ளைகள் தாங்களாகவே எண்ணினார்கள். ஒருநாளும் வாய் திறக்காத முனீப் கயிறு இழுக்கும்போது "ஏலேலோ" போட்டான். யசோதராவுக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் துணிவு வந்தது.

பரிசோதனை நாளில் புஸ்பராணி மேடம் பத்து மணிக்கு வந்தா. பெரிய ஹான்பாக், அதைவிடப் பெரிய குரல்.

"ரீச்சர், நான் பாக்க வந்தது பிள்ளைகளை. நீங்கள் இண்டைக்குக் கையும் வைக்கப்படாது, வாயும் திறக்கப்படாது. மூலையில போய் நில்லுங்கோ."

யசோதரா மூலைக்குப் போனா. மேடம் இருக்க இடம் பார்த்தா. கதிரை எல்லாம் முழங்கால் உயரம். அதில் இருந்தால் எழும்ப ஏலாது என்று தெரிந்து, நின்றபடியே கொப்பியைத் திறந்தா. பாக்கைக் காலடியில் வைத்தா. வைத்தது சோக்குக் கோட்டுக்குள்.

யசோதரா கண்டா. வாய் திறந்தது, பிறகு தானாக மூடிக்கொண்டது.

மஞ்சள் தொப்பியோடு நின்ற மெலனியும் கண்டாள். முனீப் ஓடிவந்து பாக்கைக் கடகத்துக்குள் தூக்கி வைத்துவிட்டுத் திரும்ப ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். மெலனி பெருவிரலை உயர்த்தினாள். ஆறு பிள்ளைகள் இழுத்தார்கள். மேடம் தலையை நிமிர்த்தும்போது பாக் முகட்டு வளைக்குக் கிட்டப் போய் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என்ர பாக்!" மேடம் பாய்ந்து போய் அதற்கு நேர் கீழே நின்று கையை நீட்டினா. மெலனி கையைப் பொத்தினாள். கயிறு நின்றது.

"இறக்கு பிள்ளை!"

"தள்ளி நில்லுங்கோ மேடம்."

"முதல்ல இறக்கு!"

"நீங்க தள்ளினாத்தான் இறக்கலாம்."

"இறக்கினாத்தான் நான் தள்ளுவன்!"

மேடம் ஒருக்கால் துள்ளிப் பார்த்தா. இன்னொருக்கால் துள்ளினா. நிலம் அதிர்ந்ததே தவிர பாக் எட்டவில்லை.

"மேடம், கை நோகுது," என்றான் முனீப். "கெதியா ஒரு முடிவு சொல்லுங்கோ."

"டேய், நான் சொல்லுறன், கயிறை விடு!"

"நீங்க தொப்பி போடேல்லையே."

மூலையில் யசோதரா பாக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றா. படிவம் அந்தப் பாக்குக்குள். பேனை அந்தப் பாக்குக்குள். தைமாதப் பூட்டும் அந்தப் பாக்குக்குள்தான் தொங்குகிறது. பேணாட்டுக்குப் போன் எடுப்போம் என்றால், அவன் இப்போது கிறேனுக்கு முன்னால் நிற்பான், போன் தொட ஏலாது. மேடம் திரும்பி ஒரு சொல் கேட்டால் போதும், பாய்ந்துபோய் இறக்கிவிடலாம். கேட்டால்தானே!

அந்த நேரம் பார்த்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியால் ஒரு காகம் உள்ளே வந்தது. வளையில் குந்தித் தலையைச் சரித்துப் பாக்கைப் பார்த்தது. பாக்கின் சிப்பை மேடம் பூட்டவில்லை. காகம் தலையை உள்ளே விட்டது. கடுதாசி கிழிகிற சத்தம். பிறகு எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு மீன் ரோல்ஸ் மேடத்தின் கொண்டையில் விழுந்து, தோளில் உருண்டு, சேலைக் கொசுவத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு நிலத்துக்கு வந்தது.

போன வருசம் "பேக்கரிச் சாமான் பிள்ளைகளுக்கு நஞ்சு" என்று அரை மணித்தியாலம் கதைத்தவ இதே மேடம்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் மெலனி. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதுக்குத்தான் கீழ நிக்கப்படாது எண்டது!"

காகம் அடுத்த ரோல்ஸை இழுக்கத் தொடங்கியது. மேடம் அண்ணாந்து பார்த்தா. ஒரு அடி வைத்தா, இரண்டு அடி வைத்தா, கோட்டுக்கு வெளியே போய் நின்றா.

மெலனி பெருவிரலைக் கீழே காட்டினாள். காகம் ரோல்ஸோடு பறந்தது. பாக் இறங்கியது. என்ன பவுத்திரமாக! ஆறு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாண் சாணாக விட்டார்கள். முட்டை வைத்திருந்தாலும் உடைந்திராது. கடகம் நிலத்தைத் தொட்ட சத்தமே கேட்கவில்லை.

மேடம் பாக்கை எடுக்கக் குனிந்தா. பொத்தின கை முன்னால் வந்தது.

"கையெழுத்து," என்றாள் மெலனி. ஒரு செம்மஞ்சள் கிறையோனும் கடுதாசியும் நீட்டினாள். "'சாமான் நல்ல நிலையில் கிடைத்தது' எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

"நல்ல நிலையிலயா? ஒரு ரோல்ஸ் விழுந்து போச்சு, மற்றதைக் காகம் கொண்டு போச்சு!"

"அப்ப அதையும் எழுதுங்கோ. குறைஞ்சதைக் குறைஞ்சது எண்டுதான் எழுதோணும். அப்பா சொன்னவர்."

மேடம் நாலரை வயதைப் பார்த்தா, கிறையோனைப் பார்த்தா. பிறகு அந்த முழங்கால் உயரக் கதிரையிலேயே மெல்ல இருந்து எழுதினா: "இரண்டு ரோல்ஸ் குறைவு." கையெழுத்து வைத்தா. மெலனி தலையாட்டிக் கையை விரித்த பிறகுதான் பாக்கைத் திறந்து படிவத்தை எடுத்தா.

"ரீச்சர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள்தானே மேடம், வாய் திறக்கப்படாது எண்டனீங்கள்."

மேடம் பாக்குக்குள் கையை விட்டா. பேனையைத் தேடினா, காணவில்லை. காகத்திடம் கேட்க ஏலாது. செம்மஞ்சள் கிறையோனாலேயே எழுதினா: "பிள்ளைகள் செய்கிறார்கள். தேவைக்கு மேலாகவே செய்கிறார்கள்." கீழே கையெழுத்து. யசோதரா அந்தக் கையெழுத்தை மூன்று தரம் பார்த்தா. பிறகுதான் மேடத்துக்குக் கதிரையில் இருந்து எழும்பக் கை கொடுத்தா.

வாசலில் மெலனி திரும்பவும் கையைப் பொத்திக் காட்டினாள். மேடம் ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில், பாக்கை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றா. ஒழுங்கைக்குள் ஒரு மா லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை மேடம் காலைக் கீழே வைக்கவில்லை.

மெலனி பெருவிரலை மேலே காட்டினாள். மேடம் பாக்கைத் தூக்கித் தோளில் கொழுவிக்கொண்டு போனா.