துண்டுக்குள் ஒரு கை

சென்னிமலை செவ்வாய்க்கிழமை தவறாமல் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போவார். மாடு வாங்க மாட்டார். விலை மட்டும் பேசிவிட்டு ஆனைமலைக்கு பஸ் ஏறிவிடுவார். கட்டுத்தறி காலியாகி வெகுநாளாயிற்று. மனைவி செல்லாத்தாள் படுக்கையில் விழுந்தபோது கடைசிக் கறவையையும் விற்றிருந்தார்கள்.

காய்ச்சலோடு போனார். மழையில் போனார். மகன் மதன்குமார் பொறுத்துக்கொண்டான். செல்லாத்தாளின் முதல் வருசத் திதி ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. படத்துக்கு மாலை போட்டுப் படையல் இலை விரித்த நேரத்தில் சென்னிமலை சந்தையில் நின்றார். அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

மருமகள் கீதாதான் விசாரித்து வந்தாள். "குடி மட்டுமில்லீங்க மாமா, இப்படிப் போறதும் ஒரு அடிமைத்தனந்தானாமா. கோயமுத்தூர்ல கேள்வி கேட்டே கண்டுபுடிச்சிர்றாங்களாமா."

"அடிமைன்னு வந்துச்சுன்னா சந்தையை நிறுத்திப்போடோணுங்கப்பா" என்றான் மதன்குமார்.

சென்னிமலை சரியென்று தலையாட்டினார்.

கோயமுத்தூரில் ஒரு மாடி அறை. மனநல ஆலோசகர் இனியா சின்ன வயதுக்காரி. ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"இது சூதாட்டத்துக்குன்னு எழுதுன கேள்விங்கய்யா. மாட்டுச் சந்தைக்குன்னு தனியா இல்லீங்க. சூதுன்னு வர்ற எடத்துல சந்தைன்னு மாத்திக் கேக்கறனுங்க."

"கேளு அம்மணி. ரெண்டும் ஒண்ணுன்னுதான் என்ற பையனும் சொல்றான்."

"போகாத நாள்லயும் அதே நெனப்பா இருக்குதுங்களா? இல்லை, எப்பவாச்சும், அடிக்கடி, எப்பவும். இதுல ஒண்ணு சொல்லுங்க."

"எப்பவும்."

"போக முடியாட்டி எரிச்சல் வருதுங்களா?"

மதன்குமார் முந்திக்கொண்டான். "பஸ் ஓடாத அன்னிக்குத் தென்னை மட்டையைத் தூக்கி எறிஞ்சாருங்க மேடம். கோழி செத்துப் பொழச்சுது."

"ஊட்டுல மறைச்சுட்டுப் போனதுண்டுங்களா?"

"கண்ணாஸ்பத்திரின்னு சொல்லிப்போட்டுப் போனதுண்டு."

"செருப்புல சாணியோட வந்தாருங்க. கண்ணாஸ்பத்திரில ஏதுங்க சாணி?" என்றான் மதன்குமார்.

இனியா சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்தாள். குறிகள் எல்லாம் தாளின் வலது ஓரத்தில், 'எப்பவும்' என்ற கட்டத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. சென்னிமலை அதைப் பார்த்தார். சந்தை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"மனசுல இருக்கற கஷ்டத்தை மறக்கறதுக்குப் போறீங்களா?"

அவர் கை தோள்துண்டுக்குப் போனது.

சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவர் கைகளுக்கு மேல் துண்டைப் போடுவார்கள். உள்ளே விரல்களைப் பிடித்துக் காட்டுவதுதான் விலை. தரகர் பாலுசாமியின் கை சொரசொரவென்று, சூடாக இருக்கும். பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பேரம் நீளும் மட்டும் கைக்குள் ஒரு கை இருக்கும்.

ஆஸ்பத்திரியில் செல்லாத்தாளின் பிடி தளர்ந்த பிறகு அவர் கையை யாரும் பிடித்ததில்லை. வீட்டில் குறையொன்றும் இல்லை. காப்பியை ஸ்டூலில் வைப்பார்கள். மாத்திரையையும் ஸ்டூலில் வைப்பார்கள். வருகிறவர்கள் கும்பிடுவார்கள். திதியன்று அந்தப் படத்துக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார அவரால் முடியவில்லை.

பெற்ற மகனை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? அதற்குச் சந்தையே போய்த் தொலையட்டும்.

"மறக்கறதுக்கு இல்லீங்க அம்மணி."

"பின்ன எதுக்குங்கய்யா?"

அவர் தோள்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். இனியா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் மாட்டுச் சந்தையே பாத்ததில்லீங்க. வெலையை எப்படிப் பேசுவீங்க?"

"துண்டைப் போட்டு வெரலைப் புடிக்கறதுங்க மேடம்" என்றான் மதன்குமார். "பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது."

"எங்கீங்க, செஞ்சு காட்டுங்க."

மதன்குமார் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "நான் ஆருங்கப்பா? தரகனா, மாட்டுக்காரனா?"

"மாட்டுக்காரன்."

துண்டு விழுந்தது. சென்னிமலை உள்ளே கையை விட்டார். கம்ப்யூட்டர் தட்டும் கை, மெத்தென்று இருந்தது. விரல்களைப் பிடித்தார், விட்டார், வேறு விரல்களைப் பிடித்தார்.

"நெம்பக் கொறைச்சுக் கேக்கறீங்க. கட்டாதுங்க" என்றான் மகன்.

மறுபடி தடவிப் பிடித்தபோது கட்டைவிரல் நகம் தட்டுப்பட்டது. அகலமாக, நுனியில் சற்று வளைந்து. செல்லாத்தாளின் நகம். இத்தனை நாள் அவருக்கு அது தெரியாது.

அதன்பிறகு அவர் விரல் எதையும் எண்ணவில்லை. கையை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது எவ்வளவுங்கப்பா?"

மின்விசிறிக் காற்றில் துண்டின் ஓரம் எழும்பியது. சென்னிமலை இன்னொரு கையால் அதை அவசரமாக அமுக்கிக்கொண்டார். மதன்குமார் அந்தக் கையைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வற்றியது.

இனியா தாளை ஒருமுறை பார்த்தாள். ஒரு கேள்வி குறிக்கப்படாமல் கிடந்தது.

"வெலை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

மதன்குமார் கையை உருவவில்லை.

"இன்னும் படியலீங்க மேடம்" என்றான்.