ஆணியில் தொங்கிய துண்டு

ஜூபா அக்கா, விளக்கை ஏற்றாதே. இருட்டில்தான் என்னால் சொல்ல முடியும். துரையின் துண்டில் விஷப்பால் தடவியது மிஷன் பாதிரி பென்ரோஸ் ஐயர் இல்லை. நான்.

அம்மா செத்த அன்று உன்னை மேற்குத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மெதடிஸ்ட் மிஷனிலிருந்து மூன்று மாதத்துக்கொரு தரம் ஐயர் கொடுக்கும் சபைச் சீட்டுகளை, ஒரு வசனமும் அவள் பெயரும் உள்ள அந்தக் காகிதங்களை, அவள் எப்படிச் சேர்த்து வைத்திருந்தாள் என்று உனக்குத் தெரியும். அவற்றோடு புதைத்தால்தான் மேலே வாசல் திறப்பார்களாம். ஹாக்ஸ்பி துரை சவப்பெட்டிக்குள் கையை விட்டு அவற்றை உருவினான்.

"கரும்பு வெட்டற அடிமைக்குச் சொர்க்கத்துல என்னடி வேலை?"

சீட்டுகளைக் கொளுத்திச் சுருட்டைப் பற்றவைத்தான். அம்மா வெறுங்கையோடு போனாள்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் கடற்கரையில் அந்த மரத்தைக் கீறிப் பால் எடுத்தேன். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே தோல் வெந்துபோகுமே, அந்த மரம். கையில் வாழையிலை சுற்றியும் இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. துரை முகம் துடைக்கும் துண்டில் பாலைத் தடவி ஆணியில் மாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஐயர் தொப்பலாக நனைந்து கோவேறு கழுதையிலிருந்து இறங்கினார்.

"என்ன ஐயரே, உங்க சாமி ஒரு குடைகூடக் குடுக்கலையா? பென்னெபா, என் துண்டை அந்தாளுக்குக் குடுடி!" என்று கத்திவிட்டுத் துரை ஆலைக்குப் போனான்.

நான் துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இந்த ஆன்டிகுவா மண்ணில் புதைத்தவர் அவர். துரையின் ஆட்கள் இடித்த ஜெபவீட்டைத் தானே கல் சுமந்து கட்டிக்கொண்டிருந்தார். அவரே துண்டை எடுத்தார், என் விரல்களைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்தவருக்கு அந்தக் கொப்பளம் தெரியாதா?

"இது துரையோட துண்டுதானேம்மா?"

"ஆமாங்க ஐயா."

திரும்ப அதே ஆணியில் மாட்டினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழங்காலில் நின்றார். துரை திரும்பும்வரை எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் அந்தத் துண்டில் முகம் துடைத்த துரை அலறினான். காவல்காரர்கள் எங்களை வரிசையாக நிறுத்திக் கைகளைப் பார்த்து வந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டே பேர்தான்.

"அவங்களை விடுங்க," என்று ஐயர் உள்ளங்கையை விரித்தார். வெந்திருந்தது. "கடைசியா அதைத் தொட்டு ஆணியில மாட்டினது நான்."

அது பொய்யில்லை அக்கா. இழுத்துப்போகும்போது என் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்: "நீ அதை எடுத்துடுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்மா. நீயும் எடுக்கல. நானும் எடுக்கல."

"பைத்தியமாடி உனக்கு? வாயை மூடிட்டுப் படு" என்கிறாய். முடியவில்லை. விடிந்ததும் போய்ச் சொல்லிவிடுவேன். ஆனால் வருந்துகிறேன் என்று சொல்லமாட்டேன். அவன் கத்துவது கேட்கிறதா? கேட்கக் கேட்க எனக்கு இனிக்கிறது.

இந்தா, என் சீட்டு. என்னைப் புதைக்கும்போது கையில் வை. யாரும் உருவ முடியாதபடி விரல்களை மடக்கி இறுக்கிக் கட்டு.