கன்னிக்கு எடுத்த நூல் சேலை

வெள்ளிக்கிழமைதோறும் உச்சிப்பொழுதில் தண்ணீர்ப் பானையின்மேல் ஐந்து விரல்தடம் பதிந்திருக்கும். வெள்ளிபோல் மின்னும் அந்தத் தடத்தைக் குருவம்மாள் ஒருநாளும் துடைத்ததில்லை. பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பொடி அள்ளிய தன் மகள் பொன்மணியின் கை அது என்பதை அவள் அறிவாள். மகள் இறந்து ஓராண்டாகியும் வீட்டைவிட்டுப் போகவில்லை. போகவிடாமல் வைத்திருந்தவளும் குருவம்மாள்தான்.

"பழி தீருற வரைக்கும் இங்கனயே இரு தாயி" என்று பானையிடம் சொல்வாள்.

விபத்து விசாரணையில், பொன்மணி நைலக்ஸ் சேலை கட்டி வந்தாள், அது உரசியதில் பொறி பறந்தது என்று போர்மேன் எழுதிக் கொடுத்திருந்தான். வெடிமருந்து அறைக்குள் நூல் சேலை அன்றி வேறு கட்டலாகாது என்பது பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தன்னோடு கருகிய ஐவரையும் அவளே கொன்றாள் என்று ஊர் பேசியது. அந்த விபத்தில் மகனைப் பறிகொடுத்த எதிர்வீட்டுத் தங்கத்தாய் அதன்பின் இந்த வாசலை மிதிக்கவில்லை. எழுதிக் கொடுத்த போர்மேன் மாரிக்கண்ணன், குருவம்மாளின் உடன்பிறந்த தம்பி.

மணமாகாமல் இறந்தவளைக் கன்னித்தெய்வமாகக் கும்பிடும் நாள் வந்தது. ஓலைப்பெட்டியில் வைக்கும் சேலையைத் தாய்மாமன்தான் எடுத்து வரவேண்டும். கன்னியின் முன்னால் அவனுக்குப் பொய் சொல்ல நா எழாது என்று நம்பிய குருவம்மாள், தங்கத்தாயின் வீட்டுக்குப் போனாள்.

"செத்த நேரம் வந்து நில்லுங்க மதினி. அதுக்கப்புறம் ஏசணும்னா ஏசிக்கிடுங்க."

நண்பகலில் மாரிக்கண்ணன் வந்தான்.

"சாப்பிட்டீகளாக்கா?"

"நீ வராம எப்படிலே சாப்பிட? சேலையப் பிரி."

மாம்பழ நிறத்தில் ஒரு நூல் சேலை.

"நைலக்ஸ் எடுத்திருக்கலாமேலே. நல்லா மினுங்குமே."

"அது என்னைக்குக்கா நைலக்ஸ் கட்டுச்சு? கல்யாண வீட்டுக்கே நூல் சேலைதான..."

சொல்லிக்கொண்டிருந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு மட்டும் கட்டுச்சாக்கும்?" என்றாள் வாசலில் நின்ற தங்கத்தாய்.

அவன் மடியில் கிடந்த சேலையின்மேல் ஒரு விரல்தடம் விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மடிப்பு மடிப்பாக அவை அவனை நோக்கி ஏறிவந்தன. மாரிக்கண்ணன் பின்னால் நகர்ந்தான்.

"சீசன் ஆர்டர் நெருக்குச்சுக்கா. நாலு பேரு இருக்கவேண்டிய ரூமுல ஒம்போது பேர உக்கார வச்சேன். மருந்து சூடேறுதுன்னு சொல்லிட்டுப் பிள்ள வெளிய வந்துச்சு. நாந்தான் கையப் பிடிச்சு உள்ள தள்ளுனேன்."

"எந்தக் கையால?"

வலக்கையைத் தூக்கினான். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து வெள்ளித் தடங்கள் இறுகியிருந்தன. பானைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். தோல் சிவந்ததே தவிரத் தடம் அழியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா."

"பிடிச்சிருக்கறது நானில்லையே. அவகிட்டக் கேளு."

தங்கத்தாய் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். சேலையை எடுத்து மடித்து ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிட்டாள்.

மறுநாளே மாரிக்கண்ணன் அதிகாரிகளிடம் உண்மையை எழுதிக் கொடுத்தான். கையெழுத்தை இடக்கையால் போட்டான்; வலக்கை மரத்துப்போயிருந்தது.

அடுத்த வெள்ளியன்று பானையில் தடம் இல்லை. குருவம்மாள் வெறும் பானையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஓராண்டாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் வீடு இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னாள்:

"பிடிச்ச கைய விட்டுறாத தாயி."