ஆறாவது பெயர்

என் மகன் பெர்த்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "ஸ்கேன் பண்ணி அனுப்புங்கப்பா, பேப்பரெல்லாம் வேணாம்." நூலகத்து அம்மணி அவனைவிட மரியாதையாகக் கைவிரித்தார். முழுப் பத்திரிகை இருந்தால் கொண்டு வாருங்கள், வெறும் அட்டையை வைத்து நாங்கள் என்ன செய்வது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு காஜாங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். அங்கே எனக்கு ஒரு கட்டில், ஓர் அலமாரி, பக்கத்துக் கட்டிலில் ஓர் இருமல். அதற்குள் என் நாற்பத்து மூன்று அட்டைகளை யாரிடமாவது சேர்க்க வேண்டும். குப்பை லோரியில் போட மனசு வரவில்லை.

அறுபதுகளில், ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆறு வீடு சேர்ந்து மதராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரவழைத்தோம். கப்பலில் வரும். தீபாவளி மலர் எங்கள் கைக்குக் கிடைக்கும்போது கடைகளில் பொங்கல் கரும்பு வந்திருக்கும். அட்டை ஓரத்தில் ஆறு பெயரையும் பென்சிலால் வரிசையாக எழுதிவிடுவோம். படித்து முடித்தவர் தன் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் ஐந்தாவது. ஆறாவது, தண்டவாள வேலை பார்த்த ஒருவரின் வீடு. புதுசாகக் கல்யாணம் ஆனவர். "வீட்டுக்காரி பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டார். வள்ளியம்மா என்று எழுதினோம்.

எனக்குக் கதைகளைவிட அட்டைப் படத்தில்தான் பைத்தியம். உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து அச்சாகியிருக்கும். அப்படியும் அந்தப் பெண்கள் அழகாகத்தான் இருந்தார்கள். என் டிக்கைப் போட்டதும் அட்டையைப் பதமாகக் கிழித்து மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஆறாவது வீட்டுக்குக் கொடுப்பேன். அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

போன மாதம் நாலாவது பெயரான அய்யாவு போய்ச் சேர்ந்தார். முதல் மூவரும் எப்போதோ போய்விட்டார்கள். அய்யாவு சாவுக்கு வந்த மலர்விழி என்ற பெண், தான் வள்ளியம்மாவின் மகள் என்றாள். அம்மா கிள்ளானில் தன்னோடு இருப்பதாகச் சொன்னாள். எனக்கு உயிரே வந்தது. அந்த நாளையெல்லாம் பேச இன்னும் ஓர் ஆள் மிச்சம் இருக்கிறதே!

அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். பேசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன்.

"அம்மா, குவார்ட்டர்ஸ் தம்புசாமி அங்கிள் வந்திருக்காரு" என்று மலர்விழி கதவைத் திறந்தாள்.

வள்ளியம்மா அக்காவுக்கு எண்பத்து நாலு வயது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மேசையில் நான் பரப்பிய அட்டைகளைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு அட்டையில்லாமத்தான் வரும். கப்பல்ல எலி கடிச்சிருக்கும்னு அவரு சொல்வாரு."

"எலி இல்லக்கா. நான்தான் கிழிச்சேன்."

அவர் அடுத்த அட்டையை எடுத்தார். நான் சமாளிக்கப் பார்த்தேன். "கதையெல்லாம் உள்ள அப்படியே இருந்துச்சு இல்ல?"

"எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி. கலர்ப் படம் பாக்கத்தானே அவரு என் பேரைச் சேத்தாரு."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அந்த மனுஷருக்கு நான்தான் என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் எலி மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

அக்கா ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்து ஓர் அட்டையில் நிறுத்தினார். பச்சைப் புடவைக்காரி, தோளில் கிளி.

"இவ புஸ்தகக் கடையில தொங்கினா. எங்களுக்கும் வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். புஸ்தகம் வந்துச்சு. இவ வரல."

குவார்ட்டர்ஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலர்விழி கொடுத்த மைலோ ஆறும்வரை அந்தக் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு, என் வீட்டில் தனியாக இருப்பதைவிடத் தனியாக இருந்தது.

பிறகு மகளிடம் பென்சில் கேட்டார். "இதுல என் பேரு எது?"

கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். மேலே ஐந்து டிக் இருந்தது. ஆறாவதை அவர் நிதானமாகப் போட்டார். மற்ற நாற்பத்திரண்டையும் அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

"எல்லாமே உங்களுக்குத்தான் அக்கா."

"வாரத்துக்கு ஒன்னுதான் வரும். இந்த வாரத்துக்கு இது."

"நான் காஜாங்குக்கு மாறிப் போறேன். அங்கேருந்து வரணும்னா கேஎல் சென்ட்ரல்ல ட்ரெயின் மாறணும்."

"மாறுங்க. அஞ்சாவது வீடுதான் ஆறாவது வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கணும். அதானே ரூல்?"

கோபத்தோடுதான் கிளம்பினேன். எண்பது வயசுக்காரனை வாராவாரம் அலையவிடுகிறார், பாருங்கள். நாற்பத்திரண்டு வாரம் என்றால் ஏறக்குறைய பத்து மாதம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: ரொம்ப காலத்துக்குப் பிறகு, அடுத்த வாரம் ஒரு வீட்டில் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்து எதைக் கொண்டுபோவது என்று பார்க்கக் கை போனது. பிரிக்கவில்லை. அக்காவுக்கு முந்தி நான் பார்த்ததெல்லாம் போதும்.