கொழும்பில் தின்ற மீன்

சதக்கத்துல்லாவுக்கு வாய்தான் முதல். இராமநாதபுரத்தில் அவனுடைய கைலிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துணி எடுக்க வருவதில்லை, அவன் பேச்சைக் கேட்க வருகிறவர்கள். அந்த வாயால்தான் ஐம்பத்தேழாம் வருஷம் வீரபத்திரனையும் கொழும்புக்குக் கிளப்பினான். சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவன் வீரபத்திரன். ஹைஸ்கூலில் இருவரும் ஒரே பெஞ்சு.

"எங்க மாமி வீடு மருதானையில இருக்கு. ஒரு வாரம் இருந்துட்டு வருவோம் மச்சான். ஒன் மொளகாச் செடி எங்கயும் ஓடிராது."

வீரபத்திரன் தயங்கியது செடிக்காக இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்து குலசாமிக்கு முடி இறக்கும்வரை மீனும் கறியும் தொடுவதில்லை என்று அவனும் இராமலட்சுமியும் நேர்ந்திருந்தார்கள். நேர்ந்து அது ஆறாவது வருஷம். போகிற இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அவள்தான், "அண்ணன்கூடதான போறீக, அவுக பாத்துக்கிருவாக" என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். புளிச்சோற்றில் பாதிக்கு மேல் சதக்கே தின்றான். கொழும்பில் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துச் சூரியன் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் யானை ஆடியதற்கு வீரபத்திரன் எழுந்து நின்று கைதட்டினான். அவன் அப்படிச் சிரித்துச் சதக் பார்த்ததே இல்லை.

மூன்று நாளும் மாமி அவனுக்கு இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கொடுத்தாள். நாலாம் நாள் மத்தியானம் மற்றவர்களுக்காகப் பாறை மீன் குழம்பு, அவர்கள் பேச்சில் ஆணம், வைத்திருந்தாள். வாசனை வாசல்வரை வந்தது.

"ஒரு துண்டு தின்னு மச்சான். கடல் தாண்டி வந்தாச்சு. ஒங்க குலசாமி பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டா வரப்போகுது?"

"வேணாங்கிற பிள்ளைய விடேன்" என்று மாமி அதட்டினாள். சதக் விடவில்லை. அவனே ஒரு துண்டை எடுத்து நண்பனின் தட்டில் வைத்தான்.

வீரபத்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தின்றான். தின்றவன் இன்னும் மூன்று துண்டு கேட்டு வாங்கினான். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரம் என்றான். கை கழுவும்போது மெதுவாகச் சொன்னான்: "லெட்சுமிக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. வெளிய விட்டுராத."

"என் வாயிலருந்தா? சத்தியமா வராது."

மூன்று மாதம் வரவில்லை. சதக்குக்கு அதுவே பெரிய சாதனை. ஆனால் கடலும் யானையும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு சாயங்காலம், டீக்கடையில், "வேற என்னப்பா விசேஷம்?" என்று யாரோ கேட்டார்கள். பாஸ்போர்ட்டுப் பேச்சு அவன் நாக்கிலேயே இருந்தது. பெயரைச் சொல்லாமல், "நம்ம கூட்டாளி ஒருத்தன்" என்றுதான் ஆரம்பித்தான். தான் யாரோடு கப்பல் ஏறினோம் என்பது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு அந்தப் பாழாய்ப்போன புத்திக்கு வரவில்லை. கடையே சிரித்தது. சிரிக்காமல் எழுந்து போனவனைப் பிறகுதான் கவனித்தான். அது செல்லச்சாமி, வீரபத்திரனின் ஊர்க்காரன்.

அதன்பின் வீரபத்திரன் கடைப்பக்கம் வரவில்லை. மிளகாய் விற்க இராமநாதபுரம் வந்தாலும் அடுத்த தெரு வழியாகப் போனான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சதக் பஸ் ஏறினான். இராமலட்சுமியின் காலில் விழுந்தாவது, குற்றம் தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். வழி முழுக்க அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான்.

அவர்கள் வீட்டு வாசலில் மீன் குழம்பு வாசனை அடித்தது. சதக் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"வாங்கண்ணே" என்றாள் இராமலட்சுமி. முகத்தில் கோபம் இல்லை. இரண்டு இலை போட்டாள். வீரபத்திரன் வந்து உட்கார்ந்தான், தலையை நிமிர்த்தவில்லை.

"தங்கச்சி, நாந்தான் அவன் தட்டுல வச்சேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

"இருக்கட்டும்ண்ணே. ஆறு வருசமா நாக்கக் கட்டிப்போட்டுக் கெடந்தாக, பாவம். நானும் ரெண்டு மாசம் ஒத்தையில வெரதம் இருந்து பாத்தேன். மனசு ஒட்டல. சாமிகிட்டப் போயி, இனிமே நாங்க எதுவும் கேக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே சதக் இலையில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"கொழும்புல சாப்பிட்ட மாதிரி வராதுண்ணே. அவுகளக் கேட்டா வாயே தெறக்கமாட்டேங்காக. உங்க மாமி தேங்காப்பாலா ஊத்துவாக? சொல்லுங்க, அதே மாதிரி வச்சுக் குடுக்கேன்."

அந்த ஆணத்தின் ருசியை ஒரு டீக்கடைக்கே சொன்னவன் சதக். இப்போது சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்து இலையில் வீரபத்திரன் முள்ளை எடுத்து எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா தங்கச்சி, பால்தான்" என்றான். அவள் தலையாட்டிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்துப் புருஷன் இலையில் வைத்தாள்.