கடைசி ஸ்லைடில் ஒரு பெயர்

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த ஒக்பூன் அக்காவின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. தகடு அடிக்கும் பிரஸ் தின்றுவிட்டது. கொரியாவின் ஆன்சான் தொழிற்பேட்டையில் அந்த மாதிரிக் கையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் வெளியூர் போனால் அக்கா கையுறை போட்டுக்கொள்வாள். காலியான இரண்டு விரலிலும் பஞ்சு அடைத்து வைத்திருப்பாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டு இரும்புக் கதவு நசுக்கியதாகத்தான் எழுதியிருந்தது. பட்டறையில் நடந்த விபத்து என்று பதிந்தால், எங்களுக்கு ஆர்டர் தரும் பெரிய கம்பெனி அடுத்த மாதமே வேறு பட்டறையைத் தேடிவிடும். அதனால் பியோ முதலாளி மருத்துவச் செலவு முழுவதையும் தானே கட்டினார். அக்காவைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, சரக்கைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார். இந்தக் கொட்டகை நிற்கிற வரைக்கும் அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்றார். அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் சந்தில் இதுதான் நடைமுறை. இது சரி என்று நான் சொல்லவில்லை. பியோ கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன்.

அக்காவின் ஒரே மகள் சே-ரின். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நல்ல கம்பெனியில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் கருவி ஒன்று செய்யப் போகிறேன் என்றாள். அப்படிப்பட்ட கருவிகள் ஏற்கெனவே உண்டு. தகடு ஆடினாலும் நிழல் விழுந்தாலும் அவை மெஷினை நிறுத்திவிடும். நாளுக்கு அடிக்கும் எண்ணிக்கை குறைகிறதென்று நாங்களே அவற்றை அணைத்து வைத்துவிடுவோம். தன்னுடையது கையையும் தகட்டையும் பிரித்தறியும் என்றாள் அவள்.

செய்து பார்க்க அவளுக்கு ஒரு பிரஸ் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னார் பியோ. வாடகை கேட்கவில்லை. கரெண்ட் பில் வரும்போது மட்டும் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி புலம்புவார். கருவியை முதன்முதலாக மாட்டிய அன்று பூஜைக்கு மேசை போட்டவரும் அவர்தான். புதிதாக எதைத் தொடங்கினாலும் பன்றித் தலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம், ஆனால் உண்மையான தலை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பிளாஸ்டிக் பன்றி உண்டியலை வைத்து, பக்கத்தில் கருவாடும் மக்கொல்லி கள்ளும் வைத்தார்.

"விழுந்து கும்பிடு. பன்னி சிரிக்குது பாரு, நல்ல சகுனம்" என்றார்.

"அது விக்கும்போதே சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு முதலாளி" என்றாள் சே-ரின்.

கையிலிருந்த பணம் கரைந்ததும் அரசாங்கத்தின் இளம் தொழில்முனைவோர் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். நாற்பது வயதுக்குள் இருந்தால் தருவார்கள். பணத்தோடு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துத் தருவார்கள். கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் மேடையேறிப் பேச வேண்டும். முதல் பரிசு வாங்குபவருக்குத் தனியார் முதலீடும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கருவி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸோடு நின்றுபோகும்.

முதலில் வந்த வழிகாட்டி கோழி வறுவல் கடைகள் நடத்துபவர். பிரஸ் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், ஆலோசனை தந்ததாகத் தாளில் கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். இரண்டாவதாக வந்த குக் என்பவர் அப்படியில்லை. சொந்தமாகக் கம்பெனி நடத்தி விற்றவர். பட்டறைக்கே வந்து, கருவியை ஓட்டிப் பார்த்து, கணக்கைத் திருத்திக் கொடுத்தார். மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து கிம்ச்சிக் குழம்பும் சோறும் சாப்பிட்டார். பட்டறைக்குள் அக்கா கையுறை போடுவதில்லை. அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே புகை பிடிக்கப் போனபோதுதான் சே-ரினிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கிராஃபை எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். உங்களுக்கு முன்னாடி பத்துப் பேரு பேசியிருப்பான், பின்னாடி பத்துப் பேரு பேசுவான். உங்ககிட்ட ஒரு கை இருக்கு. அதைக் காட்டுங்க."

சே-ரின் அம்மாவிடம் கேட்டாள். முடியவே முடியாது என்றாள் அக்கா. ஒரு வாரம் இருவருக்கும் பேச்சில்லை. பிறகு ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, "கையை வேணா காட்டிக்கோ. பட்டறைப் பேரு மட்டும் வரக் கூடாது" என்று சொன்னாளாம். சரக்கு பார்க்கும் மேசையிலேயே கையை விரித்து வைத்துப் படம் எடுத்தார்கள்.

நிகழ்ச்சி சியோலில். பியோ அரைநாள் பட்டறையைப் பூட்டி, வேன் வைத்து எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு போட்டிருந்தார். சே-ரின் நன்றாகப் பேசினாள். திரையில் அந்தக் கை வந்தபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை. அக்கா என் பக்கத்தில் மடியில் கையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி ஸ்லைடு நன்றிக்கானது. எல்லோரும் போடுவதுதான். உதவியவர்கள் பெயரைப் போடாமல் இறங்கினால் எங்கள் ஊரில் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். 'எங்களை நம்பி இயந்திரம் தந்த பியோ பட்டறைக்கு நன்றி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாள். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பியோவைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கிறாள். அவரும் டையைச் சரிசெய்துகொண்டார்.

அந்த ஸ்லைடு திரையில் நிற்கும்போதே கேள்வி நேரம் தொடங்கியது. நடுவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "அந்தக் கை யாரோடது?"

"எங்கம்மாவோடது."

"எங்க நடந்தது?"

சே-ரின் மைக்கை இறக்கினாள். முன்வரிசையில் இருந்த குக்கைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார். சொல் என்றா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியாது.

"நான் சோதனை பண்ணின அதே பிரஸ்ல. அப்போ அதை விபத்துன்னு யாரும் எழுதல. கதவுன்னு எழுதினாங்க. அதனாலதான் இதைச் செஞ்சேன்."

சொன்னது அத்தனையும் உண்மை. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பியோவும் தட்டினார். பாவம், அவருக்கு அதுவரை புரியவில்லை. அக்கா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். சே-ரினுக்குத்தான் முதல் பரிசு.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. முதலில் பெரிய கம்பெனியிலிருந்து போன் வந்தது. அப்புறம் தொழிலாளர் துறை ஆட்கள் வந்தார்கள். விபத்தை மறைத்ததற்கு அபராதம் போட்டார்கள். ஆர்டர் நின்றது. இலையுதிர் காலம் முடிவதற்குள் பிரஸ்களைப் பழைய இரும்பு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர் ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். அக்காவின் நாற்காலியை யார் எடுத்தார்களோ, தெரியவில்லை.

கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்த நாளில் சே-ரின் வந்தாள். சிமெண்டுத் தரையில் பியோவின் முன்னால் மண்டியிட்டாள். அவர் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம்பேரைப் பெருசாப் போட்டிருந்தே. பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

தன் கம்பெனியில் ஆலோசகராக வரச்சொல்லி அவள் கெஞ்சினாள். பியோ சிரித்துவிட்டார்.

"நான் என்ன ஆலோசனை சொன்னேன் உனக்கு? கரெண்ட்டுதானே குடுத்தேன். எந்திரி, தரை ஈரமா இருக்கு."

அம்மாவிடமும் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அன்றைக்குப் பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டாளாம். பொய் சொல்லச் சொல்லவில்லை, வாயை மூடியிருக்கலாம் என்றாளாம் அக்கா. அதற்குப் பிறகு அக்கா அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் படி துடைக்கப் போனாள். மகள் அனுப்பும் பணத்தைத் தொடவில்லை.

அடுத்த வசந்தத்தில் சே-ரின் புது அலுவலகம் திறந்தாள். எங்களையும் அழைத்திருந்தாள். பியோ வரவில்லை. அக்கா வந்தாள். பூஜை மேசையில் அரிசி மாவில் செய்த பன்றித் தலை, பார்க்கவே அழகாக இருந்தது. முதலீட்டாளர்கள் ஒவ்வொருவராக அதன் வாயில் பண உறை செருகிக் கும்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மக்கொல்லி ஊற்ற ஆரம்பித்தார்கள். அக்கா எழுந்து குடுவையை வாங்கினாள். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள். மகள் முன்னால் போய், இரண்டு கையாலும் குடுவையைப் பிடித்து ஊற்றினாள். பெற்ற பிள்ளைக்கு யாரும் இரண்டு கையால் ஊற்றுவதில்லை. மேலதிகாரிக்கும் வெளியாளுக்கும்தான் அப்படி.

"எடுத்துக்கங்க தலைவரே. கம்பெனி நல்லா வரணும்" என்றாள்.

அம்மா வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். குக்கும் சிரித்தார். சே-ரின் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, பெரியவர்கள் முன்னால் குடிக்கிற வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியவள் நெடுநேரம் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் எல்லாப் பிரஸ்ஸிலும் அவளுடைய கருவிதான். போன மாதம் ஒரு தகடு சிக்கியது. யோசிக்காமல் கையை உள்ளே விட்டுவிட்டேன். பிரஸ் பாதி வழியில் நின்றது. எனக்குப் பத்து விரலும் இருக்கிறது. அன்று சாப்பாட்டு இடைவேளையில் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"கையில கீறல்கூட இல்லியே?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் வாளியை அடுத்த படிக்கு நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அவகிட்டச் சொல்லிடு. தெரிஞ்சா சந்தோஷப்படுவா."

"நீயே சொல்லேன்க்கா."

"நான் சொன்னா அழுவா. நீ சொல்லு."